உழுமுன் டில்லரின் அகலத்தைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டது. காட்டுப்பள்ளிக் கடலோர மணல்மேட்டில் மேல்மண் காய்ந்து, ஒரு சாண் கீழே ஈரம் நிற்கிற நாட்கள் இவை. மழையில் முளைத்த களை விதை கட்டுவதற்குள் மண்ணைக் கிளறிவிட வேண்டும். மினி டில்லரை வெளியே எடுப்பவர்கள் ஆயிலைப் பார்ப்பார்கள், பெட்ரோலைப் பார்ப்பார்கள். பிளேடுகளின் அகலத்தை மட்டும் போன பட்டத்தில் இருந்தபடியே விட்டுவிடுவார்கள்.

சோம்பல் மட்டும் காரணமல்ல, உப்புக்காற்றும்தான். வெளிப்பக்க பிளேடுகளை ஷாஃப்டோடு பிணைக்கும் பின் ஆணி, இந்தக் கரையில் ஒரே மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். முதலில் இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியை உருவிவிடுங்கள். பின்னில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் தட்டிக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஷாஃப்டுக்கும் பின்னுக்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கழுவுவதற்குக் கரிக்கும் கிணற்று நீர் வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களின் இறுதியிலேயே தெரிந்துபோன விஷயம். பிடித்துவைத்த மழைநீரே நல்லது.

அகலம் எவ்வளவு வேண்டும்? எந்த மீனுக்கு எந்த வலைக்கண் என்று பழவேற்காட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். வெறும் மணலை விதைப்புக்குத் தயார் செய்யும்போது எல்லா பிளேடுகளையும் மாட்டி முழு அகலத்தில் ஓட்டலாம். பொன்னேரிப் பக்கத்துக் களிமண்ணில் அதே அகலம் இன்ஜினைத் திணறடிக்கும். வெளி பிளேடுகளைக் கழற்றிவிட்டு, குறுகலாக இரண்டு முறை ஓட்டுங்கள்.

களையெடுக்கும்போதுதான் கணக்கு இறுக்கமானது. கத்தரி வரிசைக்கு இடைவெளி 60 செ.மீ. வேருக்காக இருபுறமும் பத்துப் பத்து விட்டால் டில்லருக்கு மிஞ்சுவது 40. நிலக்கடலைக்கு 30 செ.மீ. இடைவெளிதான். பெரும்பாலான டில்லர்கள் அதற்குள் நுழையாது, நுழைத்தாலும் செடி தப்பாது. அங்கே கைக்கொத்துதான். அதுவும் விதைத்து 45 நாளைக்குள் முடிய வேண்டும். பிறகு கிளறினால் மண்ணுக்குள் இறங்கும் விழுது அறுந்து காய் குறையும்.

கழற்றும்போது இருபக்கமும் சமமாகக் கழற்றுங்கள். ஒரு பக்கம் கூடினால் வண்டி நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுக்கும். இடது, வலது மாறிவிடாமல் பெயின்ட்டால் குறியிட்டு வையுங்கள். சுழலும்போது பிளேடின் கூரான விளிம்புதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும். மாற்றி மாட்டினால் தோண்டாமல் குதிக்கும். அகலத்தைக் கூட்டினால் மேலிருக்கும் தகட்டுக் காப்பு கடைசி பிளேடு வரை மூடுகிறதா என்றும் பாருங்கள், கால் விரல்கள் அங்கேதான் நடக்கின்றன. பிறகு வரப்போரம் பத்தடி ஓட்டி, கிளறிய பட்டையை டேப்பால் அளந்து பாருங்கள். பிளேடு முனைக்கும் வெளியே மண் கொஞ்சம் கலைந்திருக்கும். அதையும் சேர்த்ததுதான் உண்மையான அகலம்.

சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் வேளாண் பொறியியல் துறையில் மானியம் பற்றிக் கேட்கலாம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை உண்டு. வாடகைக்கு எடுப்பவர்கள் வண்டி வந்ததும் வரிசை இடைவெளியைச் சொல்லி, மணிக்கணக்கு ஓடத் தொடங்குமுன்பே பிளேடைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.