தீராத சோர்வும் காதில் மாட்டும் கருவியும்

கொரோனா போன்ற வைரஸ் காய்ச்சல் நீங்கி மாதக்கணக்காகியும் சிலருக்குச் சோர்வு தீர்வதில்லை. ஒளூ செய்து வருவதற்குள் களைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டார் சோம்பல் என்கிறார்கள். சோம்பல் அல்ல, நோய்.

இதற்காக வீட்டிலேயே பயன்படுத்தும் நரம்புத் தூண்டல் கருவி வாங்க உதவுவீர்களா என்று எங்களிடம் கேட்கிறார்கள். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இதயம், குடல் வரை செல்வது வேகஸ் நரம்பு. இதயத் துடிப்பை நிதானப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. அதன் சிறு கிளை காதுக்கும் வருகிறது. அங்கே கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் செலுத்துகிறார்கள்.

அறுவை சிகிச்சை செய்து உடலுக்குள் பொருத்தும் வேகஸ் கருவியை வலிப்பு நோய்க்காக அமெரிக்கா 1997இல் அனுமதித்தது உண்மை. அதை வைத்துக் காதுக் கருவியை நம்பிவிட முடியாது. சோர்வுக்காக நடந்தவை சிறு ஆய்வுகளே. சிலர் தேறினார்கள், ஆனால் மின்சாரமே வராத பொய்க் கருவியை மாட்டினாலும் சிலர் தேறுவதுண்டு. ஆகவே நகையை அடகு வைத்து வாங்காதீர்கள். நாங்களும் இப்போதைக்கு இதற்குப் பணம் தருவதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முதலில் இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை பாருங்கள். அந்தப் பரிசோதனைச் செலவுக்கு எங்களிடம் வாருங்கள்.

"நடந்தால் சரியாகிவிடும்" என்று நோயாளியை விரட்டாதீர்கள். நாட்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2021இல் கைவிட்டது. களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்க வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழுவதில்லையா? காய் நறுக்குவதையும் உட்கார்ந்தே செய்யட்டும். மீதியை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளலாம்.