மியாட்டாவில் பாட்டு: கதவிலிருந்து தொடங்குங்கள்

பழைய மாஸ்டா மியாட்டா வாங்கியவர்கள் முதல் வேலையாகக் கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை வைத்த செட்டை மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு, "சத்தம் கூடியிருக்கு, ஆனா பாட்டு நல்லா இல்லையே" என்று வருகிறார்கள். இந்தக் காரில் கோளாறு பெரும்பாலும் கதவில்தான் இருக்கும். குறைந்த செலவில் நல்ல ஒலி வேண்டும் என்றால் பணத்தையும் நேரத்தையும் அங்கேதான் போட வேண்டும்.

நான் சொல்வது 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கு. பிரிட்டனில் இதற்கு எம்எக்ஸ்-5 என்று பெயர். மாஸ்டா இந்தியாவில் விற்பனையில் இல்லை. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் இருக்கும் நம்மவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வாங்க வேண்டிய வரிசை இது: கதவுக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கதவை அடைக்க பியூட்டைல் ஷீட், பிறகு சின்ன நாலு சேனல் ஆம்ப், கடைசியில் செட். சப்வூஃபர் வேண்டாம். இரண்டு சீட் காரில் அதற்கு இடமும் இல்லை, கூரையைத் திறந்து ஓட்டும்போது ஆழமான பேஸ் காற்றிரைச்சலில் கரைந்துவிடும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட் கணக்கைப் பார்க்காதீர்கள். சென்சிடிவிட்டி எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 90க்கு மேல் இருக்கட்டும். செட்டின் பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து கிடைப்பது 15 முதல் 20 வாட்தான். மூன்று டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர் அதே சத்தத்தைப் பாதி பவரில் தந்துவிடும். ட்வீட்டர் நடுவிலேயே பொருந்திய கோஆக்சியல் ரகம் போதும். தனி ட்வீட்டருக்காக உள்ளே ஓட்டை போடும் வேலை மிச்சம்.

பழைய ஸ்பீக்கர் கிரில்லில் 'போஸ்' என்று இருந்தால் நில்லுங்கள். அதற்குத் தனி ஆம்ப் இருக்கும், ஸ்பீக்கரின் ஓம் அளவும் குறைவாக இருக்கக்கூடும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றுக்குச் சற்று மேலே காட்டும். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் ஸ்பீக்கர், ஆம்ப், செட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி கதவு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூக்களை எடுத்து, ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, டோர் பேடை மேலே தூக்கி எடுங்கள். உள்ளே கறுப்புப் பிசின் வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். இதைக் கிழித்து எறிபவர்கள் ஏராளம். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீரைத் தடுப்பது அதுதான். அது போனால் டோர் பேடின் அட்டை ஊறி உப்பிவிடும். பிசினை ஹேர் டிரையரால் சூடாக்கினால் ஷீட் முழுசாக வந்துவிடும்.

ஷீட்டை எடுத்ததும் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் தெரியும். ஸ்பீக்கர் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் இந்த ஓட்டைகள் வழியாகக் கலந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. பேஸ் காணாமல் போவது இதனால்தான். எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரும் இந்தக் கதவில் தகரச் சத்தம்தான் போடும்.

வெளித்தகட்டின் உட்புறத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தொடங்கி பியூட்டைல் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். தகடு முழுக்க ஒட்டுவது வீண்செலவு. நாலில் ஒரு பங்கு போதும். விரலால் தட்டினால் 'டங்' என்றிருந்தது 'தப்' என்று மாறும். பிறகு உள்தகட்டு ஓட்டைகளை அடையுங்கள். பெரிய ஓட்டைக்கு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி வைத்து அதன் மேல் ஷீட் ஒட்டினால் அதிராது. கண்ணாடி மோட்டாருக்கும் லாக் கம்பிக்கும் இடம் விடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு துண்டு ஷீட்கூடப் படக்கூடாது. அடைத்தால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

அடுத்தது கண்ணாடி. முழுக்க இறக்கியதும் அது ஸ்பீக்கர் காந்தத்தை உரசுவதுபோல் பின்னால் வந்து நிற்கும். அதனால் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டே கண்ணாடியை முழுசாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பவர் விண்டோ என்றால் அந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியை மாட்டிக்கொள்ளுங்கள். இடித்தால் அடியில் ஒரு வளையம் வேண்டும். எம்டிஎஃப் பலகை ஈரத்தில் உப்பும், வேண்டவே வேண்டாம். சமையலறையில் காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகையை வளையமாக அறுத்தால் கடையில் விற்கும் வளையத்தைவிட உறுதி, விலையும் கொஞ்சம். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப் சுற்றுங்கள். ஸ்பீக்கரின் முன்விளிம்பிலும் ஒரு சுற்று ஒட்டினால் ஒலி டோர் பேடுக்குப் பின்னால் கசியாமல் காருக்குள் வரும்.

ஒயரை இணைக்கும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். ஒரு பக்கம் மாறியிருந்தால் பேஸ் மறுபடியும் போய்விடும். கதவுக்குள் புது ஒயர் இழுக்க ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டாதீர்கள், 50 வாட்டுக்குப் பழைய ஒயரே தாங்கும்.

ஆம்ப் வைப்பதற்கு இந்தக் கார் பெரிய வசதி. பேட்டரியே டிக்கியில் இருப்பதால் எஞ்சின் பக்கமிருந்து பவர் ஒயர் இழுக்கும் தலைவலி இல்லை. சுத்தச் செம்பு ஒயர் வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆகவேண்டும். இதில் சமரசமே கிடையாது. எர்த் ஒயரைப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த தகட்டில் முறுக்குங்கள். எஞ்சின் வேகத்தோடு கூடவே ஏறும் 'ஙீ' சத்தம் கேட்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

புது செட்டின் ஒயர் நிறங்கள் எல்லாக் கம்பெனிக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி, கறுப்பு எர்த், நீலம்-வெள்ளை ஆம்ப்புக்கு. காருக்கான அடாப்டர் ஒயர் விற்கிறார்கள். வாங்கிவிடுங்கள், காரின் ஒயரை வெட்டாதீர்கள். திறந்த கூரையில் வெயில் பட்டால் டச் ஸ்க்ரீனில் எதுவும் தெரியாது. திருகும் குமிழ் உள்ள செட்தான் இந்தக் காருக்கு.

ஆம்ப்பில் இருக்கும் கெய்ன் என்பது வால்யூம் இல்லை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, ஃபில்டரை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் ஏசி வோல்ட் பாருங்கள். கெய்னை மெல்லக் கூட்டி, 4 ஓமில் 50 வாட் ஆம்ப்புக்கு 14 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் கதவு ஸ்பீக்கர் கிழியாது.

கையில் பணம் குறைவு என்றால் கதவையும் ஸ்பீக்கரையும் மட்டும் முடித்துவிட்டுப் பழைய செட்டிலேயே ஒரு மாதம் கேளுங்கள். கூரையை மூடி ஓட்டுகிறவர்களில் பலருக்கு அதுவே போதும். நெடுஞ்சாலையில் கூரை திறந்து போகிறவர்கள்தான் ஆம்ப் வாங்க வேண்டும்.