மனத்தை விட்டகலாத காட்சிகள்

சினிமாவைப் பற்றி நமது ஏட்டில் எழுதலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். கடையில் ஆட்களை வைத்து நடத்துகிறவர்களுக்கு அவசியமான விஷயம் என்று கருதியே எழுதுகிறோம்.

செந்தூலில் நமது கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஓரிரவு கடை கட்டியபின் மாடியில் படுத்தவாறு கைப்பேசியில் 'விசாரணை' படத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டாலே திடுக்கிடுவார். பில் போடும் கை பாதியில் நிற்கும். சோம்பல் என்றெண்ணி இரண்டு முறை கடிந்துகொண்டோம். அது நமது தவறு.

வெற்றிமாறன் இயக்கிய அப்படம் 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்திய தேசிய விருதும் பெற்றது. கோயமுத்தூர் ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார், 1983-ல் குண்டூர் போலீஸ் காவலில் தாம் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலே அதற்கு ஆதாரம். பிழைக்கப் போன தமிழ் வாலிபர்கள். அந்த ஊர் பாஷை சரிவரத் தெரியாது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிமேல் அடி. ஒருவன் மளிகைக் கடை வேலையாள், இன்னொருவன் பெயர் அப்சல். மலாய் இன்னும் நாக்கில் ஏறாத நமது தம்பிக்கு அது வெறும் கதையாகவா தோன்றும்?

மசாலாப் படங்களிலும் அடிதடிக்குக் குறைவில்லைதான். அங்கே கதாநாயகன் பத்துப் பேரை வீழ்த்துவான், பின்னாலேயே பாட்டு வரும், மனம் இளைப்பாறிவிடும். கலைப்படத்திலோ காப்பாற்ற எவரும் வருவதில்லை. காமிராவும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

நடிப்பென்று அறிவு சொன்னாலும் உடம்பு கேட்பதில்லை. 1960-களில் அமெரிக்காவில் லாசரஸ் என்ற மனோதத்துவ அறிஞர், உடலைக் கீறும் சடங்கொன்றின் படத்தைக் காட்டி, பார்த்தவர்களின் இருதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்தார். அதே படத்துக்கு நிதானமான விளக்க உரை சேர்த்தபோது பதற்றம் குறைந்தது. பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பதன் பலன் இதிலிருந்து விளங்கும். 2009-ல் ஆக்ஸ்போர்டில் செய்த சோதனை இன்னும் வேடிக்கை. கோரமான படம் பார்த்து அரைமணி கழித்துப் பத்து நிமிடம் 'டெட்ரிஸ்' விளையாடியவர்களுக்கு, அடுத்த வாரத்தில் அக்காட்சிகள் மனத்தில் திரும்பி வந்தது குறைவாயிருந்ததாம். பையன்கள் கைப்பேசியில் விளையாடினாலே எரிந்து விழும் நாம் இதற்கு என்ன சொல்வது!

சிறு பிள்ளைகளிடம் மட்டும் 'இது நடிப்புத்தான்' என்று சொல்லிப் பயனில்லை. கண்ணால் கண்டதே அவர்களுக்கு மெய். அணைத்துக்கொண்டு, படத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இத்தகைய படங்களே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சந்திரகுமார் பட்டது பொய்யல்ல. உலகம் அதை அறியத்தான் வேண்டும். தனிமையில், நள்ளிரவில், பார்த்த கையோடு தூங்கப் போவதே கெடுதல். பார்த்தபின் சில நாள் உறுத்துவது இயற்கை. பெரும்பாலோர்க்குத் தானே அடங்கிவிடும். முன்பே அப்படியோர் அனுபவம் உள்ளவர்களுக்கு அது பழைய காயத்தைக் கீறும். ஒரு மாதம் சென்றும் கனவும் நடுக்கமும் தீராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், அதில் வெட்கமில்லை.

பிறகொரு நாள் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டோம். "எங்க அண்ணனையும் ஒரு ராத்திரி இப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க, முதலாளி" என்றார். ஆறு வருஷமாக நம்மிடம் இருப்பவர். அவருக்கு ஓர் அண்ணன் இருப்பதே அன்றுதான் நமக்குத் தெரியும்.