கார்டுக்கு மார்க் போடுறவங்களுக்கு யார் மார்க் போடுறது?

 

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. போக்கிமான் கார்டும் அப்படித்தான். மூலை மழுங்காத அரிய கார்டு என்றால் நம்ம ஊர்க் கணக்கில் லட்சக்கணக்கில் விலை போகும். அதனால் கார்டைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, எண்ணும் லேபிளும் ஒட்டித் தருவதற்கே நிறுவனங்கள் உள்ளன. 9க்கும் 10க்கும் ஒரு மார்க்தானே வித்தியாசம் என்று நினைக்காதீங்க. விலை பல மடங்கு மாறும்.

பி.எஸ்.ஏ. 1991இலும், எஸ்.ஜி.சி. 1998இலும், பெக்கெட் 1999இலும் இந்த வேலையைத் தொடங்கின. இவற்றைத் தவிர பெயர் தெரியாத சின்ன நிறுவனங்களும் ஏராளம். உறையும் லேபிள் அச்சடிக்கும் மெஷினும் இருந்தால் போதும், கடை திறந்துவிடலாம். உண்டியல் காசைச் சேர்த்து வாங்கும் பிள்ளைகள் ‘10’ என்ற எண்ணைப் பார்த்தே ஏமாந்து போவார்கள். அப்படியானால் எதை நம்புவது?

முதலில், மார்க் போடுபவர் யார்? பொதுத்தேர்வு விடைத்தாளை நம்ம டீச்சரே திருத்துவதில்லையே, ஏன்? அதே நியாயம்தான் இங்கேயும். தானே கார்டு விற்று, தானே அதற்கு 10 போடும் நிறுவனத்தை நம்ப முடியாது.

அடுத்து, எந்தக் கார்டுக்கு எந்த மார்க் எத்தனை முறை கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பெரிய நிறுவனங்கள் வெளியிடுகின்றன. சின்ன நிறுவனத்திடமும் அதைக் கேட்க வேண்டும். பட்டியலே இல்லை என்றால் சந்தேகம்தான். பட்டியல் முழுக்க 9, 10 என்றே இருந்தாலும் சந்தேகம்தான். ஒரு வகுப்பில் எல்லாரும் 100 வாங்கினால் ஹெட்மாஸ்டர் சும்மா இருப்பாரா? தப்பாக மார்க் போட்டுவிட்டால் பணம் தருவோம் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் பார்க்கணும்.

சந்தையும் ஒரு நீதிபதிதான். விற்பவர் சொல்லும் விலையை விடுங்க, உண்மையில் விற்ற விலையைப் பாருங்க. ஒரு சின்ன நிறுவனத்தின் 10, மார்க்கே போடாத அதே கார்டின் விலைக்குத்தான் போகிறது என்றால், வாங்குபவர்கள் அந்த லேபிளை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

பெரிய நிறுவனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் முடியாது! ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த டி206 வரிசையைச் சேர்ந்தது. அதில் ஒன்று 1991இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போனது. பி.எஸ்.ஏ. முதன்முதலில் மார்க் போட்ட கார்டே அதுதான். 8 மார்க் கிடைத்தது. 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013இல், அதன் ஓரத்தை வெட்டிச் சரிசெய்தது நான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு மார்க்கே கிடையாது என்பது அவர்கள் விதி! பழக்கமுள்ள கண்ணுக்கே இப்படி என்றால், அனுபவம் இல்லாத கடையின் லேபிளை என்ன சொல்வது?

அதனால் லேபிளைப் படிப்பதற்கு முன் கார்டைப் பார்க்க வேண்டும். நம்ம ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும். போக்கிமான் கார்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். அதைவிடக் குறைந்தால் வெட்டியிருக்கலாம். படம் நடுவில் இருக்கிறதா என்று அறிய இரண்டு பக்க ஓரங்களையும் அளந்து கூட்டி வகுக்க வேண்டும். இடது 3.3, வலது 2.7 என்றால் மொத்தம் 6, விகிதம் 55க்கு 45. பொதுவாக 10 மார்க்குக்கு இதுதான் எல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. இடது ஓரம் 4 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ., லேபிளில் 10 என்று இருக்கிறது. விகிதம் என்ன? இந்த நிறுவனத்திடம் நீங்கள் கார்டு கொடுப்பீர்களா? விடையை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.