பி.ஆர்க். சேர்வதற்கு முன் இதைப் பாருங்கள்

பிளஸ் 2 முடிவு வருவதற்கு முன்பே கல்லூரி விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. 'நாக்' தரம், தன்னாட்சி, தரவரிசை எண், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பக்கம் நிறைய முத்திரைகள். கட்டடக்கலை படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் போதாது. கடைசியில் கணக்கில் வருவது கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் ஒப்புதல்தான். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, இந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியும். சட்டம் ஏற்ற பட்டம் இருந்தால்தான் பதிவு. "ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதே" என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லக்கூடும். கட்டடக்கலைக் கல்வியின் தரத்தைப் பொறுத்தவரை கவுன்சிலின் சொல்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2019-ல் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலின் இணையதளத்தைத் திறந்து, கல்லூரிப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு என்று பாருங்கள். போன வருஷம் வரை சரியாக இருந்த கல்லூரிக்கு இந்த வருஷம் சேர்க்கை கூடாது என்று கவுன்சில் சொல்லியிருக்கலாம். 40 இடங்களுக்கு அனுமதி வாங்கிய கல்லூரி, அதற்கு மேலும் ஆள் சேர்த்தால் அந்த உபரி மாணவர்களின் கதி என்ன என்று கேளுங்கள். ஒரே அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரிக்கு உள்ள பெயரை நம்பி, பக்கத்துக் கட்டடத்தில் புதிதாகத் தொடங்கிய கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

படிப்பின் பெயரும் முக்கியம். பி.எஸ்சி. இன்டீரியர் டிசைன், பி.டெஸ்., பி.பிளான்., பி.ஈ. சிவில் எல்லாம் நல்ல படிப்புகளே. ஆனால் அவற்றின் வழியாக ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. "பிறகு எம்.ஆர்க். படித்துச் சரிசெய்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடித்தளம் 5 ஆண்டு பி.ஆர்க். தான்.

நுழைவுக்கு 'நாட்டா' தேர்வு. பிளஸ் 2-வில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். கணிதத்தோடு 3 ஆண்டு டிப்ளமோ முடித்தவர்களும் எழுதலாம். அண்மை ஆண்டுகளில் மொத்தம் உள்ள 200-ல் 80 மதிப்பெண் கைவேலைக்கு: வண்ணம் சேர்ப்பது, வரைவது, கொடுத்த பொருள்களை வைத்து ஒரு முப்பரிமாண உருவம் செய்வது. மீதி 120 கணினியில். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் பிளஸ் 2-க்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 200 என்று 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம், பி.ஆர்க்.குக்குத் தனி விண்ணப்பம். திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. ஆகியவற்றுக்கு ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள். கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்களுக்கு அட்வான்ஸ்டும், அதற்கு மேல் ஒரு வரைதிறன் தேர்வும்.

ஒப்புதல் உள்ள கல்லூரிகளுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது? சென்னையில் 1957-ல் தொடங்கிய, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்டு பிளானிங்கில் இடம் கிடைத்தால் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. அங்கே இடம் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் போகிறவர்கள் முதல்வர் அறையில் பேசிவிட்டு, நீச்சல் குளத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்டுடியோவுக்குப் போங்கள். செமஸ்டர் முடிவில் மாணவர்களின் வேலையை மதிப்பிடும் ஜூரி நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சுவர் முழுக்க ஷீட்டுகள் குத்தியிருக்கும், மேசையில் மவுன்ட் போர்டு மாடல்கள் இருக்கும். வரைபடம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் சில விஷயங்கள் கண்ணில் படும். ஒரே மனைக்கு, ஒரே தேவைக்கு வகுப்பே சேர்ந்து போட்ட திட்டங்கள் ஒன்றை ஒன்று உரித்து வைத்தாற்போல இருந்தால், அங்கே ஆசிரியர் போட்டதை மாணவர்கள் நகலெடுக்கிறார்கள். எல்லாமே கணினியில் ரெண்டர் செய்த பளபளப்பான படங்கள், ஒரு பென்சில் ஸ்கெட்ச் கூட இல்லை என்றாலும் யோசியுங்கள். நான் முதலில் தேடுவது செக்‌ஷன் படத்தை. கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் அந்தப் படத்தில் அஸ்திவாரம், சுவர் கனம், லின்டல், சன்ஷேட், மொட்டை மாடியில் மழைநீர் ஓடும் வாட்டம் வரை தெரிந்தாக வேண்டும். படிக்கட்டில் ஏறுகிறவரின் தலை பீமில் இடிக்குமா என்பது அங்கேதான் அம்பலமாகும். மூன்றாம் ஆண்டு மாணவனின் செக்‌ஷனில் இவை இல்லையென்றால், கட்டுமானம் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம்.

அப்படியே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியாகக் கேளுங்கள்: போன செமஸ்டரில் டிசைன் எடுத்தது யார், நடுவில் ஆள் மாறினாரா? வெளியே தொழில் செய்யும் ஆர்க்கிடெக்டுகள் வந்து பாடம் எடுப்பது நல்லது, ஆனால் முழுநேர ஆசிரியர்கள் இல்லாத இடத்தில் ஷீட்டைத் திருத்த ஆள் கிடைக்காது. மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து, 'நாசா' என்ற தேசிய மாணவர் அமைப்பின் லூயி கான் போட்டிக்கு அனுப்புகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

கல்விக் கட்டணத்தோடு செலவு நிற்காது. நல்ல லேப்டாப், பெரிய அளவு பிரின்ட், மாடல் சாமான், ஸ்டடி டூர் என்று வந்துகொண்டே இருக்கும். ராத்திரி வேலை நிறைய. தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கல்லூரி இருந்தால் அந்தப் பிள்ளை தூங்காது. ஒரு செமஸ்டர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி உண்டு. அதில் சைட்டுக்கு அனுப்பாமல் ஏ.சி. அறையில் பாத்ரூம் டைல்ஸ் படம் மட்டும் போடவைக்கும் இடங்களைத் தவிர்க்கப் பாருங்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் கவுன்சிலில் பதிவு. இப்போதைக்குத் தனித் தேர்வு கிடையாது. சான்றிதழோடு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் 'சி.ஏ.' என்று தொடங்கும் எண் வரும், அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். பதிவில்லாதவர்களும் கட்டட வடிவமைப்பு வேலை செய்யலாம், 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான் பயன்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்ன பிறகு, "பதிவு எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்தப் பெயரை விசிட்டிங் கார்டில் போடவே பதிவு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பதிவெண் கிடைத்த மாதமே சொந்த அலுவலகம் போடச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் கவுன்சிலின் நடத்தை விதிகள் ஆர்க்கிடெக்டைத் தன் சேவைக்கு விளம்பரம் செய்ய விடுவதில்லை. வேலை வாய்மொழியாகத்தான் வரும். அது வரும்வரை இரண்டு மூன்று வருஷம் இன்னொருவரிடம் வேலை செய்யுங்கள். சம்பளம் ஆரம்பத்தில் ஐ.டி. நண்பனோடு ஒப்பிடும்படி இருக்காது. பில் சரிபார்ப்பு, மேஸ்திரியோடு பேச்சு, உள்ளாட்சியில் பிளான் அப்ரூவல் இந்த மூன்றும் கைக்கு வரும் சின்ன அலுவலகம், பெயர் பெற்ற பெரிய அலுவலகத்தைவிட மேல்.