நானூறு வருட மரமும் நமது கவ்வாத்துக் கத்தியும்



ஒரு கேள்வியோடு இந்தப் பாடத்தை ஆரம்பிப்போம். நமது மலையில் நிற்கும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல், கொழுந்தும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டால் எவ்வளவு உயரத்துக்கு வளரும்?

சின்னப் பிள்ளைகள் "இடுப்பளவு" என்பார்கள். வீட்டில் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். "அட, கைவிட்டுப் போன மலைய நீ பாத்ததில்லையா? அது மரம்டா, மரம்!" என்பார். அவர் சொல்வதே சரி. தேயிலை இயற்கையில் ஒரு மரம். பெரிய இலைச் சாதி 30 அடிக்கு மேலும் வளரக்கூடியது. அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது மனிதரின் கைதான்.

இப்படிக் கையால் சிறிதாக வைத்து வளர்க்கப்படும் வேறு மரங்களும் உலகில் உண்டு. அவற்றைப் பற்றியே இம்முறை படிக்கப் போகிறோம்.

பொன்சாய் என்றால் என்ன?

'பொன்சாய்' ஜப்பானியச் சொல். ஆழமில்லாத சாடியில் நட்டது என்பது அதன் பொருள். இந்தக் கலை சீனாவில் தொடங்கி ஜப்பானுக்குப் போனது. ஒரு பெரிய கிழட்டு மரத்தின் தோற்றம் முழுவதையும் இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் கொண்டு வந்து காட்டுவதே அதன் நோக்கம்.

பலர் நினைப்பதுபோல் இது குள்ளச் சாதி மரம் அல்ல. மருந்து போட்டுக் குறுக்குவதும் இல்லை. விதை சாதாரண விதைதான். நிலத்தில் நட்டால் பெரிய மரமாகவே வளரும். சிறிதாக வைத்து வடிவம் கொடுப்பவை நான்கு காரியங்கள்:

1. சாடி சிறியது. மண் கொஞ்சமாக இருப்பதால் வேர் ஓட இடம் இல்லை.

2. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தைச் சாடியிலிருந்து எடுத்து, வேரில் ஒரு பகுதியை வெட்டி, புது மண்ணில் திரும்ப வைப்பார்கள்.

3. வளரும் நுனியைக் கிள்ளுவார்கள். நுனி போனால் பக்க அரும்புகள் விழித்துக் கிளை விடும். கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை!

4. கிளையில் செம்புக் கம்பி அல்லது அலுமினியக் கம்பி சுற்றி வேண்டிய பக்கம் வளைப்பார்கள். கிளை அப்படியே நின்றதும், பட்டையில் பதியுமுன் கம்பியைக் கழற்றிவிடுவார்கள்.

இவற்றோடு தண்ணீர். சாடியில் உள்ள கொஞ்ச மண் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடைக் காலத்தில் ஒரு நாள் மறந்தாலும் மரம் பட்டுப்போகலாம்.

ஒரு பழைய மரத்தின் கதை

பேராதனைப் பூந்தோட்டத்தைப் பார்க்கப் பல ஊர்ச் சனங்கள் வருகிறார்கள் அல்லவா? அதுபோல அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் தேசிய மரத்தோட்டம் ஒன்று உண்டு. அதற்குள் பொன்சாய் மரங்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. அங்கே ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் நிற்கிறது. ஐந்தைந்து ஊசி இலைகள் கொத்தாக இருக்கும் சாதி அது. 1625ஆம் ஆண்டு முதல் அது பொன்சாயாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. 2025இல் 400 ஆண்டுகள் நிறைந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டபோதே அந்த மரத்துக்கு 242 வருடப் பராமரிப்பு ஆகியிருந்தது.

அந்த மரம் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் யமாக்கி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு அந்நகரில் அணுகுண்டு விழுந்தது. குண்டு வெடித்த இடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரம். வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. உயரமான மதில் ஒன்றின் மறைவில் இருந்ததால் மரம் தப்பியது. குடும்பத்தாரும் உயிர் பிழைத்தார்கள்.

1976இல் அமெரிக்கா தனது 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அப்போது ஜப்பானியர் 53 பொன்சாய் மரங்களை அன்பளிப்பாக அனுப்பினார்கள். மசாரு யமாக்கி இந்த மரத்தைக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே கொடுத்தார். மரம் குண்டுக்குத் தப்பிய கதை நூதனசாலைக்காரருக்குத் தெரியாது. 2001இல் அவருடைய பேரன்மார் இருவர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் அது தெரிய வந்தது.

பழைய மரத்தை எப்படிப் பார்ப்பது?

பொன்சாய் மரத்தைக் காண வாய்ப்புக் கிடைத்தால் முதலில் அடியைப் பாருங்கள். வேர்கள் நாலா பக்கமும் மண்ணைப் பற்றியிருக்கும். தண்டு அடியில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கும். பட்டை தடித்து வெடித்திருக்கும். பிறகு குனிந்து, மரத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். தூரத்து மலையில் நிற்கும் பெரிய மரம்போலத் தெரியும். கையால் மட்டும் தொட வேண்டாம்.

பலகையில் எழுதியிருக்கும் ஆண்டு பெரும்பாலும் பராமரிப்புத் தொடங்கிய ஆண்டாகும். அன்று முதல் தண்ணீர் ஊற்றிய கைகளின் கணக்கு அது. தகப்பன் ஊற்றினார், மகன் ஊற்றினார், பேரன் ஊற்றினார். நடுவில் ஒரு தலைமுறை கைவிட்டிருந்தால் இன்று அந்த மரம் இல்லை.

நாம் அறிய வேண்டியது

பொன்சாய் அழகுக்காக வெட்டப்படுகிறது. தேயிலை கொழுந்துக்காக வெட்டப்படுகிறது. ஆனால் மரத்தை அறிந்த கை இரண்டுக்கும் வேண்டும். எந்த வாதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும், கம்பு பிளக்காமல் எப்படிச் சரிவாக வெட்ட வேண்டும், கடும் வரட்சியில் ஏன் வெட்டக்கூடாது என்பதெல்லாம் நமது கவ்வாத்துக்காரருக்குத் தெரியும். நமது நாட்டில் நூறு வருடம் கடந்த தேயிலை மரங்களில் இன்றும் கொழுந்து எடுக்கிறோம். அத்தனை முறை வெட்டியும் அவை சாகவில்லை என்றால், வெட்டியவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்றுதானே அர்த்தம்!

பொன்சாய் வளர்ப்பவரை உலகம் கலைஞர் என்கிறது. கவ்வாத்துக்காரரின் வேலையோ மரக்கணக்கில் எண்ணப்பட்டு முடிந்துவிடுகிறது. அதனால் "எங்கப்பா சும்மா கவ்வாத்து வெட்டுறாரு" என்று எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடாது. படித்து வேறு தொழிலுக்குப் போகும் பிள்ளையும் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வருவது ஏன்?

2. நமது தோட்டத்தில் ஆகப் பழைய தேயிலை எந்த மலையில் இருக்கிறது? அதை நட்டவர்கள் யார் என்று யாருக்காவது தெரியுமா?

3. அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள்: கவ்வாத்து வெட்ட உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? அவர் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.