குண்டு எங்கே போய் விழும்?

நம் பௌதிகப் பாடநூல்களில் எறிபொருளைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால், 45 பாகைச் சாய்வில் எறியப்பட்ட பொருள் செல்லும் தூரம் கிடைக்கும் என்பது அதில் வரும் எளிய வாய்பாடு. அதைக் கொண்டு நான் துப்பாக்கிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பெருவிலங்கு வேட்டைக்குரிய ரைஃபிள் ஒன்றின் குண்டு, விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது என்று கொள்வோம். வாய்பாட்டின்படி அது 73 கிலோமீட்டர் போகவேண்டும். பெங்களூரில் சுட்டால் ஓசூரையும் சூளகிரியையும் தாண்டி விழவேண்டும்! உண்மையில் அத்தகைய குண்டு மூன்று முதல் ஐந்து கிலோமீட்டர் வரையில்தான் போகிறது. பறவை வேட்டைக்குரிய 12 போர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாலோ வேறுபாடு இன்னும் வியப்பானது. அதன் சிறு ரவைகளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர். கணக்குப்படி 16 கிலோமீட்டர். நடைமுறையில் 200 மீட்டர்!

வாய்பாடு பொய்யன்று. அது காற்றில்லாத உலகத்துக்கு எழுதப்பட்டது. அந்த நிபந்தனையை நாம் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

காற்று ஒரு ரவையைத் தடுக்கும் வலு, அந்த ரவையின் முகப்பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். தடையை எதிர்த்துச் செல்லும் ஆற்றல் எடையைப் பொறுத்தது; எடை விட்டத்தின் கனத்துக்கு ஏற்ப வளரும். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எஞ்சி நிற்பது விட்டம் ஒன்றுதான். பருத்த ரவை தொலைவு செல்லும். சிறுத்த ரவை விரைவில் களைத்துவிடும். இதைப் பலமுறை சுட்டுப் பார்த்து ஒரு விதியாக வகுத்தவர் ஜூர்னே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி. உருண்டை ஈய ரவையின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 80-ஆல் பெருக்கினால், அது மிகுதியாகச் செல்லக்கூடிய தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். காடை, கௌதாரிக்குரிய 6-ஆம் எண் ரவைக்கு விட்டம் 2.6 மில்லிமீட்டர், தூரம் 208 மீட்டர். காட்டுப் பன்றிக்குரிய எஸ்.ஜி. ரவைக்கு விட்டம் 8.4 மில்லிமீட்டர், தூரம் 670 மீட்டர். துப்பாக்கி ஒன்றே, மருந்தும் ஏறக்குறைய ஒன்றே; தோட்டாவை மாற்றியவுடன் அபாய எல்லை மும்மடங்காகிவிட்டது. இதை அறியாமல் சட்டைப்பையில் இருவகைத் தோட்டாக்களையும் கலந்து போட்டுக்கொள்பவனை நான் வேட்டைக்காரன் என்று சொல்லமாட்டேன்.

ரைஃபிள் குண்டு உருண்டை அன்று. நீண்டு கூர்மையானது, தன்னைத்தானே சுழன்றுகொண்டு செல்வது. அதற்கு ஜூர்னேயின் விதி பொருந்தாது. உருவத்தைச் சிறிது மாற்றினாலும் தூரம் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்கப் படையின் அனுபவம் ஒன்று உண்டு. 1926-இல் அவர்கள் தங்கள் ரைஃபிளுக்குப் புதிய குண்டு ஒன்றை ஏற்றார்கள். முன்னதைவிடச் சற்றே கனமானது. அடிப்பாகம் படகின் பின்புறம்போல் ஒடுங்கியது. பழைய குண்டு 3,400 கெஜம் சென்றது. புதியது ஏறத்தாழ 5,500 கெஜம் சென்றது. நல்ல முன்னேற்றம் என்று மகிழ்ந்தவர்கள், சில ஆண்டுகளில் ஓர் உண்மையைக் கண்டு திகைத்தார்கள். பழைய குண்டுக்கு அளந்து ஒதுக்கிய பயிற்சித் திடல்கள் பல புதிய குண்டைத் தாங்கப் போதவில்லை. திடலைக் கடந்து அது ஊருக்குள் போய்விடும்! முடிவில், 1938-இல், பழைய எடையையும் உருவத்தையும் ஒத்த குண்டுக்கே திரும்பினார்கள். மூன்று கிலோமீட்டர் என்றால் நமக்கு எளிதில் விளங்க ஒன்று சொல்கிறேன்: கப்பன் பூங்காவிலிருந்து லால்பாக் வரையில்!

இனி, இத்தூரங்கள் எப்போது அபாயமாகின்றன என்பதைப் பார்ப்போம். சமதரையில் நின்று, குழலைத் தரைக்கு இணையாகப் பிடித்து .22 ரைஃபிளைச் சுட்டால், குண்டு தோள் உயரத்திலிருந்து மண்ணைத் தொட அரை விநாடிதான் ஆகும். அதற்குள் 160, 170 மீட்டர் போயிருக்கும். அதே குழல் முப்பது பாகை மேல்நோக்கினால் அக்குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும். ஒன்றரை மைல் வரை அபாயம் என்று தோட்டாப் பெட்டியின்மேல் அச்சிடுவதும் உண்டு. நம் நண்பர்கள் பலர் என்.சி.சி.யில் குப்புறப் படுத்து, 25 மீட்டரில் வைத்த இலக்கைச் சுட்டது இந்த ரைஃபிளால்தான். “சிறு துப்பாக்கி” என்று அதை இளக்காரமாகப் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன்.

நம் பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர்களில் புகழ்பெற்றவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). தளி, ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் திரிந்து, அவ்வனுபவங்களை நூல்களாக எழுதியவர். அவர் கையாண்டது .405 வின்செஸ்டர் ரைஃபிள். 19 கிராமுக்குச் சற்று மிகுந்த குண்டை விநாடிக்கு 670 மீட்டர் வேகத்தில் செலுத்துவது. இத்தகைய வேட்டைக்காரர்கள் மரத்தின்மேல் பரண் கட்டி இரவெல்லாம் காத்திருப்பார்கள். விலங்கிடமிருந்து தப்புவதற்கே பரண் என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு மற்றொரு பயனும் உண்டு: மேலிருந்து கீழே சுடுவதால், குறி தப்பினாலும் குண்டு சில அடிகளில் மண்ணுக்குள் புதைந்துவிடும். தரையில் நின்று மேட்டின் உச்சியில் நிற்கும் மானைச் சுடுபவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மானுக்குப் பின்னே இருப்பது வானம். அந்த வானத்துக்கு அப்பால் எந்தச் சிற்றூர் இருக்கிறதோ யார் கண்டது? விலங்கின் பின்னே மண் தெரியாவிட்டால் விசையைத் தொடாதே என்பது அதனால் எழுந்த விதி.

மண்ணைக் கண்டால் மட்டும் போதுமா? மென்மையான மண்ணாக இருக்கவேண்டும். பாறையில் சாய்வாகப் படும் குண்டு தெறித்து வேறு திசையில் பாயும். பாறையைவிட ஏமாற்றுவது நீர். ஏரியில் ஓட்டாஞ்சில்லை வீசித் தவளைப் பாய்ச்சல் விட்டு விளையாடாத சிறுவன் நம்மில் யார்? குண்டும் அப்படித்தான் நீரின்மேல் தத்திச் செல்லும். இவ்வூரைச் சுற்றிய ஏரிகளில் உள்ளானும் வாத்தும் சுடுவது ஆங்கிலேயர் காலத்துப் பொழுதுபோக்கு. அதற்குச் சிறு ரவையைக் கொள்வதே முறை. ஏரியின் மறுகரையில் துணி துவைப்பவர்களும் மாடு குளிப்பாட்டுபவர்களும் இருப்பார்கள் அல்லவா?

ஆனால் சிறு ரவைதானே என்ற அலட்சியமும் ஆகாது. 2006 பிப்ரவரி 11 அன்று, டெக்சாஸ் மாநிலத்தில் காடை வேட்டையாடிய அமெரிக்கத் துணை அதிபர் டிக் சேனி, பறக்கும் பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பியபோது, ஏறத்தாழ 30 கெஜத்தில் நின்ற தம் தோழரையே சுட்டுவிட்டார். முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவை பாய்ந்த அம்முதியவர் பிழைத்தது நற்பேறு. நாட்டின் இரண்டாம் பதவியில் இருப்பவரானாலும், பறவையைப் பார்க்கும் கண் மனிதனைப் பார்ப்பதில்லை. கூட்டமாகச் செல்வோர் ஒரே வரிசையில் நடந்து, அவரவர் சுடும் திசையை முன்கூட்டியே பிரித்துக்கொள்வது இதற்காகத்தான். வேலி தாண்டும்போது தோட்டாவை வெளியே எடுத்துவிடுவதும், சுடும் கணம் வரையில் விரலை விசையின்மேல் வைக்காதிருப்பதும் இதைச் சேர்ந்த பழக்கங்களே.

இப்போது வேட்டை ஏது என்று கேட்பீர்கள். உண்மைதான், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்துவிட்டது. ஆண்டர்சன் அலைந்த காட்டின் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். ஆனால் துப்பாக்கி போய்விடவில்லை. வட மாநிலத் திருமணங்களில் மகிழ்ச்சி மிகுந்து வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அக்குண்டு எங்கே போகிறது? நேர் மேலே சுட்ட ரைஃபிள் குண்டு விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் திரும்பி விழும் என்று ஹாட்சர் என்ற அமெரிக்கப் படை அதிகாரி சோதித்து எழுதியிருக்கிறார். சாய்வாகச் சுட்டாலோ வேகம் இன்னும் மிகுதி. 2019-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம், பிறர் உயிருக்கு அபாயம் விளைக்கும் இத்தகைய கொண்டாட்டத்துக்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள குடகு நாட்டில் துப்பாக்கி வழிபாட்டுக்குரியது. கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரையில் நீட்டித்தது. செப்டம்பர் மாதத்தில் வரும் கைல்போது திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்கி, மரத்தில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்துவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் போய்ப் பாருங்கள். எல்லாரும் தேங்காயைப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் குழல் எத்தனை பாகை உயர்கிறது, தேங்காய்க்குப் பின்னே இருப்பது மலைச்சரிவா, திறந்த வானமா, தோட்டா ரவையா, குண்டா என்று பாருங்கள். ரவையானால் விட்டத்தைக் கேட்டு 80-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.